பாசி வளர்த்துத் தண்ணீர் சுத்தம்: வாசகர் கேள்வி – பதில்

கழிவுநீரை நுண்பாசி கொண்டு சுத்தம் செய்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அந்தத் துறையில் இருப்பவர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: குளத்தில் பாசி பிடித்தால் தண்ணீர் கெட்டுவிட்டது என்கிறோம். அதே பாசியைச் சாக்கடைத் தண்ணீரில் வளர்த்தால் சுத்தமாகும் என்கிறார்கள். எதைத்தான் நம்புவது?

இரண்டையும் நம்பலாம். குளத்தில் பாசி பெருகுவதே அங்கே நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிஞ்சிக் கிடப்பதால்தான். அந்தப் பாசியை யாரும் வெளியே எடுப்பதில்லை. அங்கேயே செத்து, அழுகி, உறிஞ்சியதையெல்லாம் திரும்பத் தண்ணீரிலேயே விடுகிறது. அழுகும்போது ஆக்சிஜனையும் தீர்த்துவிடுவதால் மீன் சாகிறது. சுத்திகரிப்புக் குளத்திலும் பாசி அதே வேலையைத்தான் செய்கிறது. நாம் அதை உரிய நேரத்தில் வெளியே எடுத்துவிடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். பாசி வளர்ப்பதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், எடுப்பதைப் பற்றிப் பேச்சே இருக்காது. இந்தத் தொழில்நுட்பம் தோற்கிற இடம் பெரும்பாலும் அதுதான்.

உள்ளே நடப்பது இது: பாக்டீரியா கழிவைச் சிதைத்துக் கார்பன் டை ஆக்சைடையும் அம்மோனியாவையும் வெளியே விடுகிறது. பாசி வெயிலில் அவற்றை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனைத் தருகிறது. அந்த ஆக்சிஜன் பாக்டீரியாவுக்குப் போகிறது. உலர் எடையில் 1 கிலோ பாசி உருவாகும்போது சுமார் ஒன்றரைக் கிலோ ஆக்சிஜன் வெளிவரும். வழக்கமான சுத்திகரிப்பு நிலையத்தில் மின்சாரத்தை அதிகம் தின்பது காற்று ஊதும் ப்ளோயர்தான். அந்தச் செலவு இங்கே மிச்சம். 1950களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்வால்ட் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். துடுப்புச் சக்கரம் வைத்த, தண்ணீர் ஓடைபோல் சுற்றி ஓடும் ஆழமில்லாத ஓடைக்குளம் அவர் வழியில் வந்ததுதான்.

கேள்வி: 40 பேர் தங்கும் விடுதிக்கு எவ்வளவு பெரிய குளம் தேவை? வீட்டு மாடியில் ஒரு தொட்டி போதும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள்.

போதாது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஒருவரால் ஒரு நாளைக்குச் சேரும் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) சுமார் 50 கிராம் என்று வைத்தால், 40 பேருக்கு 2,000 கிராம். செப்டிக் டேங்கில் மூன்றில் ஒரு பங்கு குறையும். மிச்சம் சுமார் 1,350 கிராம். ஓடைக்குளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 10 கிராம் பி.ஓ.டி. என்பது பாதுகாப்பான சுமை. அப்படியானால் ஏறக்குறைய 140 சதுர மீட்டர் வேண்டும். 30 செ.மீ. ஆழத்துக்கு 42 கன மீட்டர் தண்ணீர் பிடிக்கும். ஆளுக்கு 120 லிட்டர் வீதம் தினமும் 4.8 கன மீட்டர் வருகிறது என்றால், தண்ணீர் குளத்தில் ஏறத்தாழ 9 நாள் தங்கும்.

இது பி.ஓ.டி.க்கு மட்டுமான கணக்கு. நைட்ரஜனுக்குப் போட்டால் படம் மாறிவிடும். நல்ல வெயிலில் சதுர மீட்டருக்கு நாளைக்கு 15 கிராம் பாசி விளையும். அதில் நைட்ரஜன் சுமார் 8 சதவீதம், அதாவது 1.2 கிராம். 140 சதுர மீட்டரில் 168 கிராம்தான் பாசிக்குள் போகும். ஆனால் ஆளுக்கு 12 கிராம் வீதம் 480 கிராம் நைட்ரஜன் வந்து சேர்கிறது. மிச்சத்தில் ஒரு பகுதி செப்டிக் டேங்க் கசடோடு தங்கும், ஒரு பகுதி மதியத்தில் அம்மோனியாவாகக் காற்றில் போகும், இன்னொரு பகுதி நைட்ரேட்டாக மாறித் தண்ணீரோடு வெளியேறும். நைட்ரஜன் முழுவதையும் பாசியே எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ஆளுக்கு 10 சதுர மீட்டர் ஒதுக்க வேண்டியிருக்கும். இடம் இல்லாதவர்களுக்கு இந்த முறை சரிப்படாது. அதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்வது நல்லது.

கேள்வி: குளத்தை எப்படி அமைப்பது? ஆழமாக வெட்டினால் இடம் மிச்சமாகாதா?

ஆகாது. பாசி அடர்ந்துவிட்டால் வெளிச்சம் மேலே உள்ள சில சென்டிமீட்டரைத் தாண்டாது. ஆழத்தைக் கூட்டினால் இருட்டான தண்ணீர்தான் கூடும். 30 செ.மீ. போதும், 20-க்குக் கீழே போனால் மதிய வெயிலில் தண்ணீர் அதிகமாகச் சூடேறும்.

140 சதுர மீட்டருக்கு 35 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவே ஒரு தடுப்புச் சுவர்; இரண்டு முனைகளிலும் தண்ணீர் சுற்றித் திரும்ப இடம் விட்டு நிறுத்துங்கள். முனைகள் அரைவட்டமாக இருக்கட்டும். தரைக்குக் களிமண்ணை இறுக்கலாம், கனமான பாலித்தீன் விரிப்பும் போடலாம். ஒரு பக்க வாய்க்காலில் துடுப்புச் சக்கரம்: 6 முதல் 8 துடுப்பு, தரைக்கும் துடுப்பு நுனிக்கும் 2–3 செ.மீ. இடைவெளி. இடைவெளி கூடினால் தண்ணீர் அடியிலேயே திரும்பி வழிந்துவிடும். சக்கரம் சுற்றும், ஓட்டம் இருக்காது.

ஓட்டம் நொடிக்கு 20 செ.மீ. இருந்தால் நல்லது. மிதக்கும் தக்கை ஒன்றைப் போட்டுப் பாருங்கள்: 10 மீட்டரைக் கடக்க 50 நொடி ஆக வேண்டும். இரண்டு மடங்கு வேகம் வைத்தால் மின்சாரம் இரண்டு மடங்கில் நிற்காது, ஏறக்குறைய எட்டு மடங்காகும். அதனால் வேகத்தில் பேராசை வேண்டாம்.

தடுப்புச் சுவர் முடிகிற இடத்தை ஒட்டி, திருப்பத்தின் உள்பக்கம் தண்ணீர் தேங்கும். அங்கே வண்டல் சேர்ந்து கறுத்து, குமிழி விட்டு, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஓட்டம் சரியில்லை என்று அர்த்தம். வளைந்த தகடு ஒன்றிரண்டைத் திருப்பத்தில் நிறுத்தித் தண்ணீரைப் பிரித்து அனுப்பினால் சரியாகும்.

தொடங்கும்போது விதைப் பாசி விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. திறந்த குளத்தில் எந்த இனம் நிலைக்கும் என்பதை அந்தத் தண்ணீர்தான் தீர்மானிக்கும்; பெரும்பாலும் கிளோரெல்லா, செனடெஸ்மஸ் வகைகள் தானாக வந்து சேரும். பக்கத்தில் பச்சையாக நிற்கும் குளத்துத் தண்ணீரைக் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு ஊற்றி, மிச்சத்தைப் பாதிக்குப் பாதி நீர்த்த கழிவுநீரால் நிரப்புங்கள். சக்கரத்தை ஓட்டிவிட்டு, புதுக் கழிவுநீர் எதுவும் விடாமல் ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள். தண்ணீர் அடர்பச்சையான பிறகு முதல் வாரம் கால்வாசி அளவு, அடுத்த வாரம் அரைவாசி என்று கூட்டிக்கொண்டு போங்கள். முதல் நாளே முழு அளவையும் திறந்துவிட்டால் பாக்டீரியா முந்திக்கொண்டு ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். குளம் பழுப்பாகி நாறும்.

கேள்வி: மதியம் பி.எச். 10-ஐத் தாண்டுகிறது. காலையில் 7.6 தான். மீட்டர் கெட்டுவிட்டதா? அமிலம் ஊற்றலாமா?

மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. வெயில் ஏற ஏறப் பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதால் பி.எச். ஏறுகிறது. இரவில் எல்லா உயிரும் மூச்சு விடுவதால் இறங்குகிறது. வீட்டுக் கழிவுநீரில் நைட்ரஜனோடு ஒப்பிட்டால் கார்பன் குறைவு; பாசிக்கு மதியத்தில் கார்பன் பஞ்சம் வருவது இயல்பு.

பி.எச். ஏறுவதில் கொஞ்சம் லாபம் உண்டு. பாஸ்பரஸ் கால்சியத்தோடு சேர்ந்து படியும், நோய்க்கிருமிகளும் குறையும். ஆனால் அம்மோனியாவைக் கவனிக்க வேண்டும். 25 டிகிரியில் பி.எச். 8 என்றால் மொத்த அம்மோனியாவில் 5 சதவீதம்தான் விஷமான கட்டற்ற வடிவில் இருக்கும். 9-ல் அது 36 சதவீதம், 10-ல் 85 சதவீதம். தண்ணீரில் லிட்டருக்கு 40 மி.கி. அம்மோனியா நைட்ரஜன் இருந்தால், பி.எச். 10-ல் 34 மி.கி. கட்டற்ற அம்மோனியா. 20–30 மி.கி. தாண்டினாலே பாசியின் ஒளிச்சேர்க்கை படுத்துவிடும். பாசி நன்றாக வளர்ந்து, அந்த வளர்ச்சியாலேயே தன்னை முடக்கிக்கொள்ளும் நிலை இது.

அமிலம் வேண்டாம். அது தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டைக் கார்பன் டை ஆக்சைடாக்கிக் காற்றில் விட்டுவிடும். பஞ்சம் இன்னும் கூடும். சாதாரணக் காற்றை ஊதுவதும் வீண். அதில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம்தான். செலவில்லாத வழி, கழிவுநீரை ஒரே நேரத்தில் கொட்டாமல் காலை 9 முதல் பிற்பகல் 3 வரை சிறிது சிறிதாக விடுவது. புதுக் கழிவு சிதையும்போது வரும் கார்பன், பாசி கேட்கிற நேரத்தில் கிடைக்கும். சாண எரிவாயு எரிக்கிற இடம் பக்கத்தில் இருந்தால், அந்தப் புகையைக் குளிரவைத்துக் குழாய் வழியே குளத்தின் அடியில் குமிழவிடலாம். பி.எச். 8–8.5-ல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: காலையில் எடுத்த மாதிரியையும் மதியம் எடுத்த மாதிரியையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். எதை அளந்தாலும் மணியையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

கேள்வி: கரும்பச்சையாக இருந்த குளம் மூன்றே நாளில் தெளிந்து, லேசாகப் பழுப்பாகிவிட்டது. தண்ணீர் இவ்வளவு தெளிவாக இருப்பது நல்லதுதானே?

இல்லை. உங்கள் பாசியை யாரோ மேய்ந்துவிட்டார்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் குளத்து நீரை மொண்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள புள்ளிகள் தத்தித் தத்தி மேலே ஏறி, நின்று, கீழே இறங்கினால் அது மொய்னா அல்லது டாஃப்னியா என்கிற நீர்த்தெள்ளு. சிவப்பாகத் தெரிந்தால், ஆக்சிஜன் குறைந்ததால் அவை ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொண்டிருக்கின்றன. புள்ளி ஒன்றும் தெரியாவிட்டால் நுண்ணோக்கியில் ரோட்டிஃபர்களை, அதாவது பாசியை மேயும் இன்னும் சிறிய நுண்விலங்குகளைத் தேடுங்கள். நீர்த்தெள்ளு இணை சேராமலே குஞ்சு பொரிக்கும். அதனால்தான் மூன்று நாளில் குளம் காலியாகிறது. தெளிவாகத் தெரிந்தாலும் இப்போது அந்தத் தண்ணீரில் அம்மோனியா ஏறிக்கொண்டிருக்கும், ஆக்சிஜன் இறங்கிக்கொண்டிருக்கும்.

நீர்த்தெள்ளுக்கு, சக்கரத்தைத் தாண்டிய இடத்தில் 250 மைக்ரான் (கால் மில்லிமீட்டர்) கண்ணுள்ள வலையைக் குறுக்கே கட்டி இரவு முழுவதும் தண்ணீரை அதன் வழியே ஓடவிடுங்கள். வலை அடைக்கும், அடிக்கடி உதற வேண்டும். ரோட்டிஃபர் இந்த வலையில் நிற்காது. அதற்குக் கட்டற்ற அம்மோனியாதான் ஆயுதம்: ஒரு நாள் கார்பன் டை ஆக்சைடை நிறுத்தி, மதியத்துக்குச் சற்று முன்பே செறிவான கழிவுநீரை விட்டு, பி.எச். ஏறவிட்டால் லிட்டருக்கு 20 மி.கி. அளவை எட்டலாம். சில மணி நேரம் அப்படி நின்றால் மேய்ச்சல்காரர்கள் சாவார்கள். பாசிக்கும் அன்று அடிதான், ஆனால் அது மீண்டுவிடும். பூச்சிமருந்து பக்கம் போகவே கூடாது. வெளியே போகும் தண்ணீரில் அது தங்கும்.

ஒரு டிரம் நல்ல பச்சைத் தண்ணீரைத் தனியாக, வலை மூடி, எப்போதும் வைத்திருங்கள். திரும்ப விதைக்க உதவும்.

கேள்வி: ஆய்வகத்தில் கொடுத்தோம். குளத்துக்குள் போகும் நீரைவிட வெளியே வரும் நீரில் தொங்கும் திடப்பொருள் அதிகம் என்று அறிக்கை வந்திருக்கிறது. பி.ஓ.டி.யும் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை.

அந்தத் திடப்பொருள் பாசிதான். பி.ஓ.டி. சோதனையில் மாதிரியை 20 டிகிரியில், இருட்டில், 5 நாள் வைக்கிறார்கள். இருட்டில் பாசி ஆக்சிஜன் தராது. தானும் மூச்சு விட்டு ஆக்சிஜனைக் குறைக்கும். வடிகட்டிய மாதிரி, வடிகட்டாத மாதிரி இரண்டுக்கும் தனித்தனியாக அளவு கேளுங்கள். வடிகட்டியது நன்றாக இருந்து வடிகட்டாதது மோசமாக இருந்தால், குளம் வேலை செய்கிறது, பாசி பிரிப்பதுதான் சரியில்லை. இரண்டுமே மோசம் என்றால் குளத்துக்குச் சுமை அதிகம். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவும் அதே புட்டியில் ஆக்சிஜனைத் தின்னும். அதைத் தடுக்கும் மருந்து சேர்த்துச் செய்தார்களா என்றும் கேளுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991-ஆம் ஆண்டு நகரக் கழிவுநீர் விதியில், குளங்களிலிருந்து வெளியேறும் நீரை வடிகட்டிச் சோதிக்கலாம் என்று இருந்தது. ஆனால் வடிகட்டாத நீரில் திடப்பொருள் லிட்டருக்கு 150 மி.கி. தாண்டக் கூடாது என்ற நிபந்தனையும் கூடவே இருந்தது.

கேள்வி: பாசியை எப்படித்தான் பிரிப்பது? துணியில் வடிகட்டினால் பச்சையாகவே வழிகிறது.

கிளோரெல்லா செல் 2 முதல் 10 மைக்ரான்தான், துணி பிடிக்காது. எடையும் தண்ணீரோடு ஏறக்குறைய ஒத்திருப்பதால் தானாகப் படியவும் செய்யாது. செல்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றை ஒன்று விலக்கிக்கொண்டே மிதக்கும். அந்த மின்னூட்டத்தைச் சமன் செய்யத்தான் அலுமினியம் சல்பேட் போடுகிறோம்.

எவ்வளவு என்பதை ஊகித்துப் போடாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் அலுமினியம் சல்பேட்டைக் கரையுங்கள். இதில் 1 மி.லி. என்றால் 10 மி.கி. ஒரே மாதிரி ஆறு கண்ணாடிச் சாடிகளில் ஒவ்வொரு லிட்டர் குளத்து நீர். ஒன்றில் ஒன்றும் போட வேண்டாம். மற்றவற்றில் 5, 10, 15, 20, 25 மி.லி. ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, பிறகு 15 நிமிடம் மெதுவாக, திரள் உடையாத அளவுக்குக் கிண்டுங்கள். அரை மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். பின்னால் ஒரு செய்தித்தாளை வைத்து, எந்தச் சாடி வழியே எழுத்து தெளிவாகப் படிக்க முடிகிறதோ, அவற்றில் மிகக் குறைந்த அளவுதான் உங்களுக்கான அளவு. இதைப் பருவம் மாறும்போதெல்லாம் திரும்பச் செய்ய வேண்டும். கட்டியாகக் கிடைக்கும் பொட்டாஷ் படிகாரத்தைப் பயன்படுத்தினால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தேவைப்படும், ஏனென்றால் அதில் அலுமினியம் குறைவு.

பொதுவாகத் தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, மதிய நீரை எடுப்பது. பி.எச். 9-க்கு மேல் இருந்தால் மருந்து வீணாகும். 6–7-ல்தான் அது நன்றாக வேலை செய்யும். இரண்டாவது, திரள் படியாமல் மேலே மிதப்பது. வெயிலில் எடுத்த நீரில் ஆக்சிஜன் மிதமிஞ்சிக் கரைந்திருக்கும். அது நுண்குமிழியாகி ஒவ்வொரு திரளையும் தூக்கிவிடும். விடியற்காலையில் எடுத்த நீரில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. காற்றைக் கரைத்து மிதக்கவைத்து வழித்தெடுக்கும் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு அந்த மிதப்பே வசதி என்பது வேறு விஷயம்.

மருந்தே இல்லாமல் குறைக்க ஒரு வழி உண்டு. படிந்த பாசியில் ஒரு சிறு பங்கைத் தினமும் குளத்துக்கே திருப்பி விடுங்கள். எளிதில் படிகிற, கூட்டமாக வாழும் இனங்களுக்கு இதனால் பலம் கூடும். நியூசிலாந்து ஆய்வாளர்கள் இப்படிச் செய்து பெடியாஸ்ட்ரம் என்ற கூட்டுப் பாசியைக் குளத்தில் நிலைநிறுத்திக் காட்டினார்கள். பொறுமை வேண்டும், மாதக்கணக்கில் ஆகும்.

முன்பு சொன்ன 140 சதுர மீட்டர் குளத்தில் தினமும் சுமார் 2 கிலோ உலர் பாசி கிடைக்கும். படிந்த நிலையில் அது 2 சதவீதக் குழம்பு, அதாவது 100 லிட்டர். அதை எங்கே கொண்டுபோய்க் காயவைப்பது என்பதைக் குளம் வெட்டும் முன்பே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: அந்தப் பாசியை மாட்டுக்கோ மீனுக்கோ கொடுக்கலாமா? டீசல் எடுக்கலாமா?

தீவனமாக வேண்டாம். பாசி உலோகங்களையும் ஒட்டிக்கொள்ளும், கழிவுநீர்க் கிருமிகளும் அதோடு வரும். நீலப்பச்சைப் பாசி கலந்திருந்தால் நச்சுக்கும் வாய்ப்பு உண்டு. டீசல் கணக்கு கட்டுபடியாகாது. கழிவுநீர்ப் பாசியில் எண்ணெய் குறைவு, காயவைக்கவே ஆற்றல் தீர்ந்துவிடும். மக்கவைத்து உரமாக்குவதும், எரிவாயுக் கலனில் விடுவதும் உருப்படியான வழிகள். கலனில் விடும்போது வைக்கோல், காகிதம் போன்ற கார்பன் மிகுந்த பொருளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாசி மட்டும் என்றால் அம்மோனியா ஏறி வாயு குறையும். அலுமினியம் சல்பேட் போட்டுப் பிரித்த பாசியில் பாஸ்பரஸ் அலுமினியத்தோடு பிணைந்துவிடும், உரமாகப் பலன் மந்தம்.

கேள்வி: எரிவாயுக் கலனிலிருந்து வரும் கழிவுக் குழம்பை நேரே பாசிக்கு விடலாமா?

கூடாது. அதில் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 1,000 மி.கி.க்கு மேல் இருப்பது சாதாரணம். நிறமும் கறுப்பு, வெளிச்சம் நுழையாது. ஒரு நாள் படியவிட்டு, தெளிந்ததை மட்டும் எடுத்து, அம்மோனியா 100 மி.கி.க்குக் கீழே வருமளவு நீர்த்துங்கள். பத்து முதல் இருபது மடங்கு ஆகலாம். நீர்க்க நல்ல தண்ணீரைச் செலவழித்தால் இந்த வேலையே அர்த்தமில்லாமல் போகும். குளத்திலிருந்து வெளியேறும் நீரையே திருப்பிப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஸ்பைருலினா வளர்த்தால் இரட்டை லாபம் இல்லையா?

ஸ்பைருலினா சத்துணவாக விற்கும் நீலப்பச்சைப் பாசி. அதற்குப் பி.எச். 9.5–10.5-ம் நிறைய சோடியம் பைகார்பனேட்டும் வேண்டும். அந்தப் பி.எச்.சில் கழிவுநீரின் அம்மோனியா பெரும்பகுதி விஷமாகிவிடும். உண்ணும் ஸ்பைருலினாவைச் சுத்தமான ஊடகத்தில் தனியே வளர்ப்பதே முறை.

கேள்வி: பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகப் பாசியை ஜெல்லி உருண்டைகளாகச் செய்தோம். நான்காம் நாள் உருண்டைகள் ஊதிக் கரைந்துவிட்டன. ஏன்?

பாஸ்பேட் செய்த வேலை. உருண்டை செய்யப் பயன்படும், கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட்டைக் கால்சியம்தான் ஜெல்லாகப் பிணைத்து வைக்கிறது. கழிவுநீரில் உள்ள பாஸ்பேட் அந்தக் கால்சியத்தைப் பறித்துக்கொள்கிறது. உப்பில் உள்ள சோடியமும் அதன் இடத்தைப் பிடிக்கிறது. 4 சதவீத ஆல்ஜினேட் கரைசலையும் செறிவான பாசி நீரையும் சம அளவு கலந்து, 2 சதவீதக் கால்சியம் குளோரைடு கரைசலில் ஊசியில்லா சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரு மணி நேரம் ஊறட்டும். உருண்டை 3–4 மி.மீ. இருந்தால் நல்லது, பெரிதானால் நடுவில் வெளிச்சம் போகாமல் வெளுக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை வடித்து, கால்சியம் குளோரைடில் அரை மணி நேரம் போட்டு இறுக்குங்கள்.

காட்சிக்கு மூன்று ஜாடி வையுங்கள்: பாசி உருண்டை, பாசியில்லாத வெறும் உருண்டை, உருண்டையே இல்லாத கழிவுநீர். மீன்தொட்டிக்கு விற்கும் அம்மோனியா சோதனைப் பெட்டியால் மூன்றையும் தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். பி.எச்.சையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள், அம்மோனியா பாசிக்குள் போனதா காற்றில் போனதா என்று நடுவர் கேட்டால் பதில் சொல்ல அது வேண்டும்.

கேள்வி: சுத்தமான நீரைத் தோட்டத்துக்கு விடலாமா? குளோரின் போட வேண்டுமா?

பச்சையாகச் சாப்பிடும் காய், கீரைக்கு நேரே விடாதீர்கள். வெயிலும் உயர்ந்த பி.எச்.சும் பாக்டீரியாவைக் குறைக்கும். குடற்புழு முட்டைகளை ஒன்றும் செய்யாது. முட்டை படிந்துதான் போக வேண்டும், ஓடைக்குளத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் அது படிவதில்லை. பாசி பிரித்த பிறகு, ஓட்டமில்லாத இன்னொரு குளத்தில் சில நாள் நிற்கவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1989-ல் பச்சையாக உண்ணும் பயிருக்குச் சொன்ன அளவு: லிட்டருக்கு ஒரு புழு முட்டைக்கு மிகாமல், 100 மி.லி.க்கு 1,000 மலக் கோலிஃபார்முக்கு (மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) மிகாமல். மரங்களுக்கு, வேரடியில் விடுவதாக இருந்தால் இவ்வளவு கெடுபிடி இல்லை.

குளோரின் போடுவதாக இருந்தால் பாசி நீங்கிய பிறகு மட்டும். பச்சைத் தண்ணீரில் போட்டால் குளோரினைப் பாசியே தின்றுவிடும். செத்த செல்லிலிருந்து கசியும் பொருளோடு குளோரின் சேர்ந்து வேண்டாத சேர்மங்களும் உருவாகும்.